'ஓல்ட்' என்னும் சொல்லும் முதுமையின் மதிப்பும்

5 வயதுக் குழந்தையைப் 'பைவ் இயேர்ஸ் ஓல்ட்' என்கின்றது ஆங்கிலம். முதுமையின் நிழலும் படாத குழந்தைக்கு 'ஓல்ட்' என்னும் அடை எங்ஙனம் பொருந்தும்? அச்சொல்லின் வேர்ப்பொருள் 'வளர்ந்த' என்பது மொழிநூலார் கருத்து. எனவே, ஐந்தாண்டு வளர்ந்த குழந்தை என்பதே அத்தொடரின் பொருளாகின்றது. தலைவனைக் குறித்த பண்டை ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினின்றே தோன்றியது; நகரசபை மூத்தோரைச் சுட்டும் 'ஆல்டர்மன்' அதன் வழிவந்ததாகும்.

இன்றோ 'ஓல்ட்' தேய்ந்த சப்பாத்துக்கும் தளர்ந்த மனிதருக்கும் பொதுவாய் வழங்குகின்றது. தமிழ் 'பழைய', 'முதிய' என இவற்றை வேறுபடுத்தும். பாடசாலையை விட்டு நீங்கிய 20 வயதினனைப் 'பழைய மாணவன்' என்போம். 'முதிய மாணவன்' என்னோம்.

எனினும், இதனால் நாம் பெருமை கொள்வதற்கில்லை. தொல்காப்பியத்திற் 'கிழவன்' என்பது உரிமையுடைய தலைவனைக் குறிக்கும். கிழமை என்பது உரிமை. இன்று அதுவே முதியவரை இகழும் சொல்லாயிற்று. இல்லத்தில் அவர்தம் உரிமை குன்றியமையை இச்சொல்லின் வீழ்ச்சி காட்டுகின்றதன்றோ?

இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதடைந்தோரை முதியோர் என வரையறுத்து, பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என விதித்தது. சட்டம் உணவையும் உறையுளையும் பெற்றுத் தரலாம். ஆனால், குடும்பக் காரியங்களில் அவர்தம் கருத்துக்கு உரிய இடத்தைப் பிள்ளைகளே அளித்தல் வேண்டும். அவரைக் கேட்டு முடிவெடுக்கும் இல்லத்திலேதான் 'கிழவர்' என்னும் சொல் தன் பழம்பொருளை மீளப் பெறும்.