அறிந்தவன் கடமை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பத்தாவது அத்தியாயத்தில் கதாநாயகிக்கு என்ன நேரப் போகிறது என்பது முதல் அத்தியாயத்திலேயே அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் சொல்வதில்லை. அதற்காக யாரும் அவனை ஏசுவதில்லை. அவள் காகிதத்துப் பெண். ஆனால், உயிரோடு நடமாடும் ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய ஆபத்து இன்னொருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்? அவர் சொல்ல வேண்டுமா, மௌனமாக இருக்க வேண்டுமா?

ஐஸ்லாந்தில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள அந்தத் தீவு நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ நான்கு லட்சம்தான். தங்கள் வம்சாவளியைப் பல நூற்றாண்டுகளாக எழுதிக் காத்து வந்தவர்கள் அவர்கள். பரம்பரை நோய்களை ஆராய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் வேறு என்ன வேண்டும்? 1996-இல் காரி ஸ்டெஃபான்சன் என்ற நரம்பியல் மருத்துவர் அங்கே 'டிகோட்' என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மக்களும் மனமுவந்து இரத்தம் கொடுத்தார்கள். 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், 2,636 பேரின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து, அதன் துணைகொண்டு மேலும் ஒரு லட்சம் பேரின் பரம்பரைக் கூறுகளையும் கணித்திருந்தார்கள். பாட்டன், அத்தை, சகோதரன் ஆகியோரின் இரத்தத்தைப் படித்துவிட்டால், இரத்தமே கொடுக்காத ஒருவரைப் பற்றியும் ஓரளவு சொல்லிவிட முடியும் என்ற நிலை வந்தது.

அந்தப் புதையலுக்குள் ஒரு பாம்பும் இருந்தது. 'பிஆர்சிஏ-2' என்பது ஒரு மரபணுவின் பெயர். ஐஸ்லாந்து மக்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அந்த மரபணுவில் ஐந்தே ஐந்து எழுத்துக்கள் விடுபட்டிருக்கின்றன. முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு புத்தகத்தில் ஐந்து எழுத்து விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பிழையோடு பிறந்த பெண்களில் மிகப் பலருக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வருகிறது. ஆண்களுக்கும் ஆபத்து உண்டு. தகப்பன் வழியாக மகளுக்கும் பிழை இறங்குகிறது. யார் யாரிடம் அது இருக்கிறது என்பதை ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டர் அறியும். சம்பந்தப்பட்ட பெண்ணோ ஒன்றும் அறியாமல் அலுவலகத்துக்குப் போகிறாள். குழந்தைக்குத் தலை வாருகிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று வாதாடினார் ஸ்டெஃபான்சன். தண்ணீரில் மூழ்குகிறவனைக் கண்டால் அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டா கை நீட்டுகிறோம்? முன்கூட்டியே தெரிந்தால் அடிக்கடி சோதித்துப் பார்க்கலாம், தேவையானால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், உயிர் பிழைக்கலாம். அவருடைய வாதத்தில் மனிதாபிமானம் இருக்கிறது. ஆனால் எதிர்த் தரப்பிலும் அற்பர்கள் இல்லை. மக்கள் இரத்தம் கொடுத்தது ஆராய்ச்சிக்காக. தங்கள் எதிர்காலத்தைக் கேட்டுக்கொள்வதற்காக அல்ல. பெயரை மறைத்து வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டலாமா? அறிந்துகொள்ள உரிமை இருப்பது போலவே, அறியாமல் இருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு அல்லவா?

அறியாமல் இருக்க உரிமையா, அது கோழைத்தனம் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் அமெரிக்க விஞ்ஞானி நான்சி வெக்ஸ்லரின் வாழ்க்கையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய தாய் ஹண்டிங்டன் நோயால் 1978-இல் இறந்தார். உடலையும் புத்தியையும் மெல்ல மெல்லக் குலைக்கும் நோய் அது; குணப்படுத்த மருந்து இல்லை. நோயாளியின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. வெக்ஸ்லர் வெனிசுவேலா நாட்டின் மராக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் போய், அங்கே தலைமுறை தலைமுறையாக அந்த நோயில் வாடிய குடும்பங்களை ஆராய்ந்தார். அந்த உழைப்பினால் 1983-இல் நோயின் இருப்பிடம் புலப்பட்டது. 1993-இல் மரபணுவே கையில் கிடைத்தது. நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும் சோதனைக்கு வழி திறந்துவிட்டவர்களில் ஒருவரான அவரே, தாம் சோதித்துக்கொண்டாரா என்பதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. தமக்கும் அந்த நோய் இருப்பதை 2020-இல்தான் உலகுக்குச் சொன்னார். அவரையா கோழை என்பது? பரிகாரம் இல்லாத செய்தியை எப்போது கேட்பது என்பதை அந்த மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் இரத்தம் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1998-இல் ஐஸ்லாந்து அரசு, எல்லாருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் திரட்டச் சட்டம் செய்தது. இறந்துபோன தன் தந்தையின் குறிப்புகளை அதில் சேர்க்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தாள். தந்தையைப் பற்றிய செய்தி மகளைப் பற்றிய செய்தியும் ஆகிவிடும் என்பதை ஏற்று, 2003-இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்கா சோதித்துக்கொண்டால் தங்கையின் செய்தியும் பாதி வெளிவந்துவிடுகிறது. தங்கை கேட்க விரும்பாவிட்டால் அக்கா என்ன செய்வாள்? முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

ஐஸ்லாந்து கடைசியில் ஒரு நடுவழியைக் கண்டது. 2018-இல், விரும்புகிறவர்கள் தாமாக முன்வந்து கேட்டால் மட்டும் விடை தருவது என்று ஏற்பாடு செய்தார்கள். நாகரிகமான வழிதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தாம் கேட்பார்கள். படித்தவளும் ஓய்வுள்ளவளும் கேட்டுப் பிழைப்பாள். கேள்வியே எட்டாத இடத்தில் இருப்பவள் கேட்காமலே போய்விடுவாள். அவளுடைய மௌனத்தை 'உரிமை' என்று சொல்லி நாம் கை கழுவிவிடலாமா? சரி, போய்க் கேட்கலாம் என்றால், பிழை உள்ளவர்களை மட்டும் தேடிப் போய், 'ஒரு செய்தி இருக்கிறது, வேண்டுமா?' என்று கேட்பதும் செய்தியைச் சொல்லிவிடுவதும் ஒன்றுதான். ஆகவே எல்லாரையும் கேட்க வேண்டும். முன்பே கேட்க வேண்டும். இரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுக்கும்போதே, 'பரிகாரம் உள்ள ஆபத்து ஏதேனும் தெரிய வந்தால் உங்களிடம் சொல்லலாமா? பரிகாரம் இல்லாதது தெரிந்தால்?' என்று அவரவர் பாஷையில், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மனம் மாறினால் மாற்றிச் சொல்லவும் இடம் வேண்டும். கேள்வி எல்லாருக்கும் பொது. பதில் விரும்பியவர்க்கு மட்டும். அறிந்தவன் கடமை என்று நான் கருதுவது இதைத்தான்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இந்தியாவின் பல சமூகங்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்த திட்டத்தின் விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த அறிவு ஒருநாள் வந்து சேரும், வரவும் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் மருமகளுக்கு ஜுரம் என்றாலும் மருத்துவர் பேசுவது மாமியாரோடும் புருஷனோடும்தான். கலியாணப் பேச்சின்போது ஜாதகத்தோடு இரத்தக் குறிப்பையும் கேட்கிறவர்கள் நாளைக்கு வரமாட்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு பெண்ணைக் காப்பாற்றக்கூடிய அதே காகிதம், இன்னொரு கைக்குப் போனால் அவளைத் தள்ளிவைக்கவும் உதவும்.

விஞ்ஞானம் நமக்கு முன்னறிவைக் கொண்டுவந்து தருகிறது. அதை யார் காதில், எந்தக் குரலில் சொல்வது என்பதை விஞ்ஞானம் சொல்லித் தராது. அதை நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும். அவளுடைய இரத்தத்தைப் பற்றிய சொல், எல்லாருக்கும் முன்னால் அவள் காதில் விழ வேண்டும் என்பதிலிருந்து அந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம்.