முனிவர் கடனும் இரண்டு விழுக்காடும்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று, அதைத் தயாரிக்கும் உரிமத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்பதும், அதை முதலாகக் கொண்டு புத்தொழில் தொடங்குவதும் இன்று உயர்கல்வியின் கடமைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழிசெய்த அமெரிக்காவின் பே-டோல் சட்டம் 1980ஆம் ஆண்டினது. அதே நோக்கில் இந்தியாவில் 2008இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. பொருளியலாருக்கு இது ஆய்வாளரை ஊக்குவிக்கும் வழி பற்றிய விவாதம். சேர்வராயன் மலை போன்ற ஓரிடத்தை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது அதற்குள்ளிருந்து ஓர் அறக்கேள்வி எழுகிறது: ஆய்வகத்துக்கு முன்பே ஒன்றை அறிந்திருந்தவருக்கு, அந்த அறிவை விற்பவர் எவ்வகையில் கடன்பட்டவர்?

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தவரோடு அவர்களுக்குப் பெயரளவிலன்றி உறவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறியதாக அவர்களிடம் வழிவழியாக ஒரு கதை வழங்குகிறது. உச்சியில், குனிந்தே நுழையவேண்டிய ஒரு குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். மலைக்கும் அத்தெய்வத்தின் பெயரே. இதே மலையில்தான் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டமும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. கீழே சேலத்தில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. சரிவுகளை மூடிய காப்பிச்செடியும் 19ஆம் நூற்றாண்டில் காக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொண்டுவந்து நட்டதே என்பதால், வேற்றூர் விதையால் பிழைக்கும் மலை என்றும் இதைச் சொல்லலாம்.

மலைவாழ் மக்களின் மருந்தறிவைப் பதிவுசெய்யும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு. செடியின் லத்தீன் பெயர், உள்ளூர்ப் பெயர், பயன்படும் பகுதி, தீரும் நோய் என நான்கு பத்திகளில் ஓர் அட்டவணை. வைத்தியர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி. இந்த அட்டவணை ஒருவகையில் காவலரண். மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்காக மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் முன்பே அச்சில் வந்திருந்த பழைய சான்றுகளைக் காட்டி வாதிட்டதால் 1997இல் நீக்கப்பட்டது. ஆனால் அச்சேறிய அறிவு எவராலும் பறிக்கமுடியாததாகும் அதே கணத்தில் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடியதாகவும் ஆகிவிடுகிறது. உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டம் ஏற்றுக்கொண்ட மருத்துவ நூல்களில் உள்ள மரபறிவுக்குப் பயன்பகிர்விலிருந்து, அதாவது ஆதாயத்தில் மூலவருக்குப் பங்கு தரும் கடமையிலிருந்து, விலக்களித்துள்ளது. ஏட்டில் ஏறிவிட்டால் கடன் தீர்ந்தது என்னும் இக்கணக்கு விசித்திரமானது.

அறிவை விற்பதே பாவம் என்று தமிழ் மரபு சொல்வதாகப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாடம் கேட்கத் தகுதியுடையோரை வரிசைப்படுத்துகையில், ஆசிரியனின் மகன், அரசன் மகன், வழிபடுவோன் முதலியோரோடு பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் சேர்க்கிறது. வேத மரபோ மனிதன் தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்கிறது. முனிவர் கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் அடைபடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொருள் வாங்குவதில் குற்றமில்லை என்பதோடு, எவருக்குக் கற்பிப்பது என்று தேர்வது ஆசிரியனின் உரிமை என்பதும் புலப்படும். நன்னூலின் அந்தப் பட்டியல் முழுவதும் அத்தேர்வைப் பற்றியதே.

இவ்வுரிமை எங்கே நழுவுகிறது என்பதைப் பொதிகை மலைத்தொடரின் காணிக்காரர் வழக்கு காட்டுகிறது. 1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழுவுக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள், ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பின்றி ஏறினர். கேட்டபோது முதலில் தயங்கி, பிறகு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியின் இலையோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் தந்தது. வருவாயில் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997இல் பதிவான அறக்கட்டளைக்கு 1999இல் 5 லட்சத்துக்கும் மேல் சென்றது. உலகம் இதைப் பாராட்டியது, பாராட்டத்தக்கதே. எனினும் காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் பலர், இவ்வறிவை வெளியாருக்கு விற்றதை எதிர்த்தனர். செடியைக் காட்டிய இளைஞர்கள் பிலாத்திகள் அல்லர். பங்கு சரியாகவே பிரிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் மாணாக்கனைத் தேர்ந்திருக்கவேண்டியவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள், மருந்தும் வந்திராது என்று சொல்லப்படுவதுண்டு. அப்படியும் நேர்ந்திருக்கலாம். ஆனால் மறுக்கமுடியாதவர் தருவதைக் கொடை என்று அழைப்பதும் அரிது.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டப்படி, உள்ளாட்சிதோறும் அமையும் மேலாண்மைக் குழு மக்கள் பதிவேடு ஒன்றை எழுதிவைக்கவேண்டும். ஊரின் செடிகளும் அவற்றைப் பற்றிய அறிவும் அதில் இடம்பெறும். சேர்வராயன் மலையில் ஒரு முதிய வைத்தியர் அப்பதிவேட்டின் முன் அமர்ந்து பத்து மூலிகைகளைச் சொல்லிவிட்டுப் பதினோராவதைச் சொல்லாமல் எழுந்துபோக விரும்பினால், எழுதுபவர் அந்த வரியை வெற்றாக விடுவாரா, அல்லது வேறொருவரிடம் கேட்டு நிரப்புவாரா?