பச்சையைப் பார்த்தது யார்?

(சிவகாசியில் மார்கழித் திருவாதிரையை ஒட்டி நிகழ்ந்த தொடர் சொற்பொழிவில், முதல் நாள் உரையின் ஒரு பகுதி)

வேலை முடிந்து, குளித்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணை விட்டுப் போவதில்லை. முன்வரிசையில் பார்த்தாலே தெரிகிறது.

மனசைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. வாணம் மேலே போய்ப் பச்சையாகப் பூத்தால், ஏன் பச்சை என்று டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்வார்: பேரியம். சிவப்பென்றால் ஸ்ட்ரான்ஷியம். (பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை!) அந்த ஒளி கண்ணில் விழுகிறது, நரம்பு வழியாகப் பின்மண்டைக்குச் சேதி போகிறது. மண்டைக்குள் கும்மிருட்டு. அங்கே பச்சை எங்கே இருக்கிறது? பார்த்தவர் எங்கே இருக்கிறார்?

"மூளைதான் சாமி மனசு" என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். அதற்குப் பக்தர்கள் கோபப்படுவது எனக்குப் பிடிப்பதில்லை. பக்கவாதம் வந்தவருக்குப் பெற்ற மகளின் பெயர் வாயில் வர மறுக்கிறதே! வெடிவிபத்தில் கையைப் பறிகொடுத்தவர்களைக் கேளுங்கள். இல்லாத விரல் அரிக்கும், வலிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக் கலிபோர்னியா போன வி. எஸ். ராமச்சந்திரன் இதை ஆராய்ந்தார். கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால், இல்லாத விரலைத் தொட்டது போல அவர் உணர்ந்தார். மூளையில் கைக்கும் முகத்துக்கும் இடம் அடுத்தடுத்து. கையிலிருந்து சேதி நின்றதும், முகம் அந்த இடத்தையும் வளைத்துக்கொள்கிறது.

இதெல்லாம் நம் பெரியவர்களுக்கு அதிர்ச்சி தராது. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர், மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் வெறும் தண்ணீரில் வைக்கிறார். பிறகு வேதத்தைச் சொல் என்கிறார், ஒன்றும் நினைவில்லை. சாப்பிட்டுவிட்டு வா என்கிறார். எல்லாம் திரும்பி வருகிறது. மனம் சோற்றால் ஆனது என்று நிரூபித்துவிட்டார்! ஆகவே மனசு சடப்பொருள்தான் என்று டாக்டர் சொன்னால் தாராளமாகத் தலையாட்டுங்கள். நம் வழக்கு அங்கே இல்லை. பட்டினியில் 'நினைவு வரவில்லையே' என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததல்லவா? அது எதற்குத் தெரிந்தது? மூளையின் வேறொரு பகுதிக்கு என்பார்கள். சரி, அந்தப் பகுதிக்குள் நடப்பது ஏன் 'எனக்குத் தெரிகிறது' என்றாக வேண்டும்?

நம் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் (பின்னாளில் பகவான் ரமணர்) இதை வாதமாக்கவில்லை, சோதித்தார். 1896 ஜூலை, மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடி. பதினாறு வயது. நோய் நொடி இல்லை. சாகப்போகிறோம் என்ற பயம் மட்டும் திடீரென்று வந்தது. ஆளைக் கூப்பிடவில்லை. கைகாலை நீட்டி விறைத்து, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிப் பிணமாகப் படுத்தார். இந்த உடம்பைத் தூக்கிப் போய் எரிப்பார்கள், அத்தோடு நானும் சரியா என்று உள்ளே பார்த்தார். 'நான்' அசையாமல் நின்றது. இதை வைத்து ஸ்கேன் எடுப்பவரைத் தோற்கடித்ததாக நான் சொல்லமாட்டேன். அவர் பார்ப்பது வெளியிலிருந்து. இது உள்ளிருந்து பார்த்தது.

பிறகு 1902 வாக்கில், திருவண்ணாமலைக் குகையில், ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்விகளை அடுக்கினார். பகவான் பேசாத காலம். பதிலை எழுதிக் காட்டினார். அதுதான் 'நான் யார்?'. சின்னப் புத்தகம். நாளை அதை எடுத்துக்கொள்வோம். வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டது, எழுந்திருங்கள்.