ம் கொட்டாமல் ஒரு படம்

‘கால் மீ பை யுவர் நேம்’ படத்தை இரண்டாவது முறை பார்த்தேன். இரண்டாவது முறையும் அலுத்தது.

எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லூகா குவாதனினோ 2017இல் எடுத்த படம். 1983இன் கோடை, வட இத்தாலியில் ஒரு பெரிய வீடு, பழத்தோட்டம், சைக்கிள்கள். 17 வயது எலியோவுக்கும், அவன் அப்பாவிடம் ஆய்வு மாணவனாக வந்து தங்கும் 24 வயது ஆலிவருக்கும் காதல். மொத்தப் படத்தையும் ஒரே லென்ஸில் எடுத்திருக்கிறார்கள். அந்த வெயில் நம் தோளில் விழுகிறது. திரைக்கதைக்காக 89 வயதில் ஜேம்ஸ் ஐவரி ஆஸ்கர் வாங்கினார். எல்லாம் சரி. நான் நடுவில் மணி பார்த்தேன்.

இதை வெளியே சொல்லத் தயக்கமாக இருந்தது. முதல்முறை பார்த்தது 2018 செப்டம்பரில். ஒருபாலினத்தவரின் மனமொத்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் தோழி அழுதுகொண்டிருந்தாள். இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள், அதற்காக யாரும் அவர்களை அடிக்கவில்லை, அவர்கள் சாகவுமில்லை. அதுவே அவளுக்குப் பெரிது. அந்த நேரத்தில் ‘போர்’ என்றால் அந்தக் காதலையே தள்ளிவைப்பதாகாதா? நமக்குப் பழகாத வாழ்க்கையைச் சுவாரசியமில்லை என்று ஒதுக்குவது பழைய தந்திரம். பெண்கள் எழுதியதையும் ‘அடுப்படி விஷயம்’ என்று அப்படித்தானே ஒதுக்கினார்கள்? ஆகவே என் அலுப்பை நானே நம்பவில்லை.

இரண்டாம் முறை பார்க்கையில் கவனம் எங்கே நழுவுகிறது என்று கவனித்தேன். மஃபால்டாவிடம். அந்த வீட்டில் சமைப்பவள். சாப்பாட்டு மணி அடிக்கிறது, பழச்சாறு வருகிறது, ஆலிவர் அவித்த முட்டையை உடைக்கத் தெரியாமல் சிதறடிக்கிறான், மேஜை மறுபடி சுத்தமாகிறது. எலியோ வளர்வதற்கு ஒரு கோடை முழுக்க ஓய்வு தேவைப்படுகிறது. அந்த ஓய்வை ஒருத்தி சமைத்துத் தருகிறாள்.

பிறகு மார்ஸியா. எலியோ உடலைப் பழகிப் பார்ப்பது அவளிடம். நான் உனக்கு யார் என்று அவள் கேட்கையில் தோளைக் குலுக்குகிறான். ஆலிவர் போனபின் அவன் உடைந்து நிற்க, அவளே தேடிவந்து கோபமில்லை என்கிறாள். நடுவில் இருந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள்? படத்துக்கு அது தேவைப்படவில்லை.

எனக்கு அலுத்தது அந்த இருவரின் காதல் அல்ல. ஒரு பையன் வளர்கிறான், சுற்றியிருக்கும் பெண்கள் அதற்கு ம் கொட்டுகிறார்கள் என்ற ஏற்பாடு. அண்ணன் பேசினால் ம் கொட்டி, மாமா பேசினால் ம் கொட்டி எங்களுக்கு அதில் நல்ல பயிற்சி.

தோழியிடம் சொன்னேன். “படம் அவனைப் பத்தினது, மஃபால்டாவைப் பத்தினது இல்லடி” என்றாள். நியாயம்தான். ஒரே படம் எல்லாரையும் பற்றியதாக இருக்க முடியாது. அவளுக்கு அந்தப் படம் எத்தனை வருடக் காத்திருப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சியில் எலியோ கணப்பின் முன் உட்கார்ந்து நிமிடக்கணக்கில் அழுகிறான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவன் முதுகுக்குப் பின்னால், மங்கலாக, யாரோ மேஜையில் தட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.