கள்ளியும் திராட்சை மதுவும்

1920-இல் அமெரிக்கா மதுவிலக்கை மேற்கொண்டபோதும், தேவாலயப் பீடத்துத் திராட்சை மதுவுக்குச் சட்டமே விலக்களித்தது. ஆனால் அந்நாட்டின் ஆதிகுடிகள், பிறைவடிவ மண்மேடை முன் தீ வளர்த்து, நீர்முரசு ஒலிக்க, இரவெல்லாம் விழித்திருந்து, குமட்டும் கசப்புடைய, மனத்தை மயக்கும் பெயோட்டிக் கள்ளியைப் பிரசாதமாக உண்ணும் வழிபாட்டுக்கு ஓரிகன் மாநிலச் சட்டம் அவ்விதச் சலுகை காட்டவில்லை. அதில் பங்குகொண்டு வேலையிழந்த இருவருக்கு உதவித்தொகை மறுத்தது செல்லும் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்காண்டுகள் கழித்தே நாடாளுமன்றம் அவ்வழிபாட்டைக் காத்தது.

போதையா, பிரசாதமா என்பதை ரசாயனம் மட்டும் நிர்ணயிக்குமா? உண்பவனது சங்கற்பத்தையும், விடியும்வரை அவனைத் தனியே விடாத சுற்றத்தையும் கணக்கில் கொள்ளாத நீதி, என் மனத்துக்கு நீதியாகவே படவில்லை. அதே ஓரிகன் மக்கள், 2020-இல் வாக்களித்து, அதேபோல் மனத்தை மயக்கும் சைலோசைபின் காளானைப் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் வயதுவந்தோர் உண்ண வழிவகுத்தனர். அதற்குச் சமயக் காரணம் எதையும் அவர்கள் கேட்கவில்லை.