பட்டியலில் இல்லாத ஆலை

திருப்பூரில் தைத்த டி-சர்ட் கப்பலேறுமுன் பையரின் ஆடிட்டர் வந்து பார்க்கிறார். தையல் கூடத்தில் தீயணைப்பான் இருக்கிறதா, அவசர வழி திறந்திருக்கிறதா, சம்பளப் பதிவேடு சரியா என்று டிக் அடிக்கிறார். அந்த டி-சர்ட்டின் நூலை நூற்ற ஆலை, பல வருடங்கள் அவர் பட்டியலிலேயே இல்லை.

சுமங்கலித் திட்டம் வளர்ந்தது அங்கேதான். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ஏஜென்ட்டுகள் பெண்பிள்ளைகளைக் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு அழைத்துப் போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை. வெளியே தனியாகப் போகக் கூடாது. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாக ஒரு தொகை. கொடை மாதிரித் தெரிந்த அந்தப் பணம், மாதாமாதம் அவள் கையில் சேர்ந்திருக்க வேண்டிய கூலி. பஞ்சுத் தூசியில் மூச்சுத் திணறி இடையிலேயே ஊர் திரும்பியவளுக்கு அது பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. கூலியைப் பிடித்து வைத்திருப்பவரை விட்டு ஒருத்தி எப்படி விலகிப் போவாள்?

2011 வாக்கில் இதைப் பற்றிய அறிக்கைகள் ஐரோப்பாவில் வெளியாயின. ஆலை எங்களுடையது அல்லவே என்று பிராண்டுகள் ஒதுங்குவதில் நியாயமில்லை. தடைசெய்யப்பட்ட அசோ சாயம் துணியில் இருந்தால் சரக்கையே திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். உடுத்துகிறவரின் தோலுக்காகச் சாயப்பட்டறை வரை தடம் பிடிக்க முடிகிறது என்றால், நூற்றவளின் நுரையீரலுக்காக இன்னும் இரண்டு படி பின்னே போக முடியாதா?

தவறு தெரிந்ததும் ஆர்டரை நிறுத்திவிடுவது சுத்தமான முடிவு போலத் தோன்றும். அதனால் முதலில் வேலை போவது அந்தப் பெண்களுக்குத்தான். பீஸுக்கு இத்தனை பைசா குறை, ஷிப்மென்ட்டை ஒரு வாரம் முன்னே கொடு என்று நெருக்கிய அதே கை, பிறகு உதறிவிட்டுப் போவது பொறுப்பாகாது. விலையைக் கூட்டிக் கொடுத்து, கூடவே நின்று திருத்த வைப்பதுதான் கடினம், அதுதான் கடமையும்.

அதற்கு ஒரு வழி 2022-இல் திண்டுக்கல்லில் பிறந்தது. முந்தைய வருடம் ஓர் இளம் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று அங்கிருந்த ஓர் ஏற்றுமதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவையும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன்படி தொழிலாளர்களிலேயே கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். நிர்வாகம் ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டால் ஆர்டரில் கை வைக்கப்படும் என்பது விதி. நூற்பாலையும் அதில் அடக்கம். ஆனால் அது ஒரே ஒரு நிறுவனத்துக்கானது. இந்த வட்டாரத்தில் சரக்கெடுக்கும் மற்ற பையர்கள் இப்படிக் கையெழுத்திடாமல் இருக்க ஒப்புக்கொள்ளத்தக்க காரணம் எதுவும் இல்லை.