சம்மதம் என்கிற சொல்

ரஷ்யாவை எனக்குப் புத்தகமாகத்தான் தெரியும். மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். விலை குறைவு என்பதால் எங்க தெருப் பிள்ளைகளும் வாங்கினோம். உழைக்கிறவன் ஆளுகிற நாடு என்று நம்பினோம். கூட்டுப்பண்ணை விவசாயிக்கு 1932 முதல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் தரப்படவில்லை, அந்த உரிமைக்கு 1974இல்தான் உத்தரவு வந்தது என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. பின்னால் தெரிந்தபோது ஏமாற்றத்தைவிட வெட்கம்தான் அதிகம். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை நான், கேட்டிருக்க வேண்டாமா?

2022இல் உக்ரைன்மீது படையெடுத்த பிறகு புதினுக்கு ஆதரவு எண்பது சதவீதத்தைத் தாண்டியது என்றன கருத்துக்கணிப்புகள். 'ஜனங்களே சம்மதிச்சிட்டாங்க, நமக்கென்ன?' என்கிறார் தோழர் ஒருவர்.

எது சம்மதம்? அந்த மார்ச்சிலேயே ஒரு சட்டம் வந்தது. இராணுவத்தைப் பற்றிப் 'பொய்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை. எது பொய் என்பதை இராணுவமே சொல்லும். பீட்டர்ஸ்பர்க் ஓவியர் சாஷா ஸ்கோசிலென்கோ ஒரு கடையில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டுப் போரைப் பற்றி எழுதிய துண்டுச் சீட்டுகளை வைத்தார். ஐந்தே சீட்டு. 2023 நவம்பரில் ஏழாண்டுத் தண்டனை. (2024 ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.) காட்டிக்கொடுத்தது உளவுத்துறை அல்ல, கடைக்கு வந்த ஒரு வயதான அம்மா. அந்த அம்மாவைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவரை யாரும் மிரட்டியதாகத் தெரியவில்லை. அதிகாரம் அடிமட்டத்தில் இப்படித்தான் கூலியில்லாமல் வேலை வாங்குகிறது.

இன்னொன்று பணம். துவா, புர்யாத்தியா போன்ற ஏழைப் பகுதிகளிலிருந்து மக்கள்தொகைக்கு மீறிய விகிதத்தில் ஆட்கள் போய்ச் சாகிறார்கள். கையெழுத்துப் போட்டால் அவன் ஊரில் பல மாதம் உழைத்தும் பார்க்க முடியாத தொகை. ஆனால் 2022 செப்டம்பர் 21 ஆணைக்குப் பிறகு ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வெளியேற முடியாது. முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போனவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகத்தான் சம்மதம் கேட்பான்.

அதற்காக எல்லாரையும் விடுவித்துவிடவும் மனசு வரலை. அந்தத் துவா இளைஞன் போய்ச் சுடுவது உக்ரைன் கிராமத்தானை. செத்தவன் வீட்டில் போய் 'அவனும் பாவம்' என்று எந்த வாயால் சொல்வது?

தோழர் மறுபடி எண்பது சதவீதம் என்றார். வெற்றுத் தாளைப் பிடித்து நின்றவர்களையும் போலீஸ் இழுத்துப்போன நாட்டில், கதவைத் தட்டி 'அதிபரை ஏத்துக்கிறீங்களா?' என்று கேட்டால் நீங்க என்ன சொல்லுவீங்க என்றேன். யோசிச்சுச் சொல்றேன் என்றார்.